மதகடியில் நின்றவர் யாருடைய ஆள்?

"கொண்டுபோனது இராணுவமா, பொலிஸா?"

விசாரணைக்கு வந்திருந்த உத்தியோகத்தர் என் முகத்தைப் பார்க்கவில்லை. படிவத்தைப் பார்த்தபடிதான் கேட்டார். பாடசாலை மண்டபம் ஒன்றில் நாற்பது ஐம்பது பெண்கள் இலக்கத் துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து காத்திருந்தோம். என் முறை வந்தபோது மதியம் திரும்பிவிட்டது.

"ரெண்டும் இல்ல ஐயா. ஹோம்காட்."

பேனை நின்றது. "அது யாருக்குக் கீழ வாறது? பொலிஸுக்கா, ஆமிக்கா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இருபது வருடங்களுக்கு மேலாக அந்த மனிதர்களைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவர்கள் யாருடைய ஆட்கள் என்று மட்டும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் 'ஏனையோர்' என்ற கட்டத்தில் ஒரு புள்ளடி போட்டுவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

ஏனையோர்! அன்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்தச் சொல் என்னை விடவில்லை. எங்கள் மாதர் சங்கத்துக்குச் சட்ட விளக்கம் கொடுக்க வந்த சட்டத்தரணித் தங்கைகளைப் பிடித்துக் கேட்டேன். கடதாசிகளைத் தேடி வாசித்தேன். அப்படி அறிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். இந்த இதழைக் கையில் எடுக்கும் சகோதரிகளில் பலரும் அந்தச் சொட்கன்காரரை ஏதாவது ஒரு சந்தியில் சந்தித்திருப்பீர்கள்.

முதலில் என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

அல்லைக் குடியேற்றத் திட்டத்தில் ஒரு தமிழ்க் கிராமம் எங்களுடையது. ஒரே வாய்க்கால் தண்ணீரில் தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் என்று மூன்று பகுதியாரும் வயல் செய்தோம். மதகுக்கு அந்தப் பக்கத்துச் சிங்களக் கிராமத்தில் எங்கள் அப்பாவுக்கு ஒரு கூட்டாளி இருந்தார். இருவரும் 'மச்சான்' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். விதைநெல் மாற்றுவார்கள். முறைத் தண்ணீருக்கு இரவில் ஒன்றாகக் காவல் இருப்பார்கள். சித்திரை வருடப்பிறப்புக்கு அவர் வீட்டுக் கொண்டைப் பலகாரம் எங்கள் வீட்டுக்கு வரும். எங்கள் வீட்டு மோதகம் அங்கே போகும். என்னை அவர் 'துவ' என்பார். சிங்களத்தில் மகள் என்று அர்த்தம்.

பிறகு ஒருநாள் அவர் கையில் துவக்கு வந்தது. காக்கிச் சட்டை, தோளில் சொட்கன், மதகடியில் மண்மூட்டை அடுக்கிய ஒரு காவலரண். எங்கள் அடையாள அட்டையை வாங்கிப் பார்க்கும்போது அவருக்கு வெட்கமாகத்தான் இருந்திருக்கவேண்டும். அப்பாவின் அட்டையை மட்டும் அவர் ஒருநாளும் வாங்கிப் பார்த்ததில்லை. தலையை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு கையால் 'போ' என்று காட்டுவார்.

1995ஆம் ஆண்டு ஆவணி மாதம், நெல் மூட்டை ஏற்றிய சைக்கிளுடன் போன என் கணவரை அந்த மதகடியில் மறித்தார்கள். எனக்கு அப்போது இருபத்துநான்கு வயது. செய்தி கேட்டு இடுப்பில் பிள்ளையுடன் ஓடினேன். காவலரணில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் நான் முன்பின் காணாத இளைஞர். மற்றவர் அப்பாவின் கூட்டாளி. என் கணவரை மண்மூட்டையோடு இருத்தி வைத்திருந்தார்கள்.

"பயம் வேணாம் துவ. கேட்டிட்டு அனுப்புவாங்க" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, வாய்க்காலைப் பார்த்துச் சொன்னார்.

பொழுது படும்போது ஒரு ஜீப் வந்தது. ஏற்றினார்கள். சைக்கிள் மதகிலேயே சாய்ந்து நின்றது. நெல் மூட்டையும் அப்படியே இருந்தது.

மறுநாள் பொலிஸுக்குப் போனேன். "எங்கட ஆக்கள் ஒருத்தரையும் பிடிக்கல்ல. ஹோம்காட் எல்லாம் ஆமியோட நிக்கிறவங்க, அங்க போய்க் கேள்" என்றார்கள். முகாமுக்குப் போனேன். "அவங்க பொலிஸ்ட ஆக்கள், எங்கட புத்தகத்தில அப்படி ஒரு பேர் இல்ல" என்றார்கள். இரண்டு வாசலுக்கும் நடுவில் எத்தனை தரம் நடந்தேன் என்று கணக்கு வைக்கவில்லை. கடைசியில் முறைப்பாட்டை எழுதிக்கொள்ளக்கூட ஒருவரும் இல்லை.

இனி, அவர்கள் யார் என்ற விடயத்துக்கு வருகிறேன்.

நாங்கள் ஹோம்காட் என்று சொன்னவர்களை எழுத்துத் தமிழில் ஊர்காவல் படை என்பார்கள். சிங்களத்தில் கிராமாரக்ஷக. 1985ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டம் ஒன்று உண்டு. படைகளுக்கு உதவியாகத் துணைப்படைகளைத் திரட்டுவதற்காக நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அது. ஊர்காவல் சேவை அதன் கீழ் அமைக்கப்பட்டது. அந்தந்த ஊர் ஆண்களே விரும்பிச் சேர்ந்தார்கள். சில வாரப் பயிற்சி, ஒரு கொடுப்பனவு, பெரும்பாலும் ஒரு சொட்கன். பகலில் வயல், இரவில் காவல். உள்ளூர்ப் பொலிஸ் நிலையத்தோடுதான் அவர்களை இணைத்திருந்தார்கள். களத்திலே இராணுவத்துடன் சேர்ந்து போவார்கள். ஆகவே என்னை அங்கும் இங்குமாக அலைக்கழித்த இரண்டு வாசலும் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. அந்தப் பாதி உண்மையே போதுமானதாக இருந்தது, இரு தரப்பும் கைகழுவிக்கொள்ள.

ஏன் இப்படி ஒரு படை வந்தது என்பதையும் மறைக்காமல் எழுதவேண்டும். எல்லைக் கிராமங்களில் சிங்கள மக்களும் முஸ்லிம் மக்களும் இரவில் வெட்டியும் சுட்டும் கொல்லப்பட்டார்கள். 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் புலிகளால் சுடப்பட்டார்கள். அடுத்த கிழமையே ஏறாவூர். பிள்ளை குட்டிகளுடன் காட்டோரம் படுத்திருப்பவர்கள் துவக்குக் கேட்டதை நான் குற்றம் சொல்லமாட்டேன். நானும் அந்த இடத்தில் இருந்திருந்தால் கேட்டிருப்பேன்.

ஆனால் ஒரு கிராமத்துக்குத் துவக்கைக் கொடுத்து, பக்கத்துக் கிராமத்துக்குக் கொடுக்காமல் விட்டால் என்ன நடக்கும்? 1992 ஏப்ரல் 29ஆம் திகதி பொலனறுவை மாவட்டத்தில் அதுதான் நடந்தது. அழிஞ்சிப்பொத்தானை என்ற முஸ்லிம் கிராமத்துக்குள் புலிகள் புகுந்து ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். அதற்குப் பழியாக அயலிலுள்ள கரப்பொலை, முத்துக்கல் என்ற தமிழ்க் கிராமங்களுக்குள் முஸ்லிம் ஊர்காவல் படையினர் நுழைந்தார்கள். அங்கேயும் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். காவலுக்கு என்று அரசாங்கம் கொடுத்த துவக்குத்தான். மனித உரிமை அமைப்புகள் அந்த வருடமே இதை ஆவணப்படுத்தி வெளியிட்டன. மூன்று கிராமத்திலும் அதிகமாக இறந்தது பெண்களும் குழந்தைகளும். ஆண்கள் காட்டுக்குள் ஓடித் தப்புவார்கள், நாங்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எவ்வளவு தூரம் ஓடமுடியும்?

எங்கள் பக்கத்தில் குமாரபுரம். 1996 பெப்ரவரி 11. கிளிவெட்டியை அண்டிய அந்தச் சின்னக் கிராமத்தில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். இராணுவத்துடன் ஊர்காவல் படையினரும் வந்தார்கள் என்று தப்பியவர்கள் சொன்னார்கள். வழக்கு இருபது வருடம் இழுபட்டது. 2016 யூலையில் அநுராதபுரம் மேல் நீதிமன்றத்தில் தீர்ப்புக் கேட்டு நின்ற ஆறு பேரும் முன்னாள் இராணுவத்தினர். ஆறு பேரும் விடுதலையானார்கள். அன்று அந்தக் கிராமத்துப் பெண்கள் சிலர் எங்களோடு பஸ்ஸில் வந்தார்கள். ஒருவரும் அழவில்லை. ஒருவர் மடியில் வைத்திருந்த சாப்பாட்டுப் பார்சலைக் கடைசி வரை பிரிக்கவேயில்லை.

சரி, அந்த மதகடிக்காரருக்குச் சட்டம் கொடுத்த அதிகாரம் எவ்வளவு? இதுதான் நான் படித்தவற்றுள் என்னை அதிகம் கோபப்படுத்திய பகுதி.

எங்கள் நாட்டுக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம். அதன்படி, சாதாரண ஒரு பிரசைகூட, தன் கண்முன் பாரதூரமான குற்றம் செய்பவரைப் பிடிக்கலாம். பிடித்தால் தாமதமின்றி அண்மையிலுள்ள சமாதான உத்தியோகத்தரிடம் ஒப்படைக்கவேண்டும். பிடிபட்டவரை இருபத்துநான்கு மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுபோகவேண்டும். ஏன் பிடிக்கிறோம் என்று பிடிபட்டவருக்குச் சொல்லவேண்டும் என்பது அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரையிலேயே இருக்கிறது. பெண்ணைச் சோதிப்பதென்றால் இன்னொரு பெண்தான் சோதிக்கலாம், அதுவும் கண்ணியம் கெடாமல்.

நாங்கள் பெயர் கேட்டாலே நடுங்கிய பயங்கரவாதத் தடைச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம். அதில்கூட, ஆணையில்லாமல் கைது செய்யும் அதிகாரம் பொலிஸ் உத்தியோகத்தருக்குத்தான் எழுதப்பட்டது. அவரும் பொலிஸ் அத்தியட்சகர் தரத்தில் இருக்கவேண்டும், அல்லது அவர் எழுத்தில் அதிகாரம் கொடுத்த உப பரிசோதகராவது இருக்கவேண்டும். அவசரகால ஒழுங்குவிதிகள் இருந்த காலத்தில் படைகளுக்கு மேலதிக அதிகாரங்கள் கிடைத்தன என்பது உண்மை. ஆனால் சொட்கனும் காக்கிச் சட்டையும் மட்டும் வைத்திருந்த ஒருவர், சைக்கிளில் நெல் கொண்டுபோன மனிதரைப் பொழுது படும் வரை இருத்தி வைத்து, பெயர் எழுதாத ஜீப்புக்குக் கொடுக்கலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

எங்களுக்கு இது தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன். துவக்கைக் கொடுத்தவர்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

யாருடைய ஆள் என்ற கேள்விக்கும் பதில் உண்டு. வலிந்து காணாமலாக்கப்படுவதற்கு எதிரான சர்வதேச சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அதற்காக 2018ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அதிலே குற்றவாளி என்று சொல்லப்படுவது அரசாங்க உத்தியோகத்தர் மட்டுமல்ல. அரசின் அதிகாரத்துடனோ, ஆதரவுடனோ, அரசு கண்டும் காணாமல் இருந்த நிலையிலோ செய்தவரும் அதற்குள் அடங்குவார். அப்படியானால் பொலிஸா, ஆமியா என்று நான் பிரித்துச் சொல்லவேண்டிய தேவையே இல்லை! கொடுப்பனவு யார் கொடுத்தது, துவக்கு யார் கொடுத்தது என்பது போதும். (இந்தச் சட்டம் பழைய சம்பவங்களுக்கு அல்ல, இனி வரப்போவதற்குத்தான் என்று அரசாங்கத் தரப்பில் அப்போதே சொன்னார்கள். அது வேறு வயிற்றெரிச்சல்.)

2006 செப்டெம்பரில் ஊர்காவல் படையின் பெயர் மாறியது. அந்த வருடம் யூனில் கெப்பித்திகொல்லாவையில் பஸ் ஒன்று கண்ணிவெடியில் சிக்கி அறுபதுக்கும் மேற்பட்ட சிங்கள மக்கள் இறந்திருந்தார்கள். அதன் பிறகு, பாதுகாப்பு அமைச்சின் கீழ் சிவில் பாதுகாப்புத் திணைக்களம் என்று புதிதாக அமைத்தார்கள். முதல் பணிப்பாளர் நாயகம் கடற்படையிலிருந்து வந்த சரத் வீரசேகர. ஆளணி நாற்பதாயிரம் வரை போனது. நாள் கொடுப்பனவு மாதச் சம்பளமாக மாறியது. பெண்களும் பெருமளவில் சேர்ந்தார்கள்.

அப்படிச் சேர்ந்தவர்களில் ஒருவர் அப்பாவின் கூட்டாளியின் மனைவி.

அவர் 1998இல் செத்துப்போனார். இரவில் காவலரணைத் தாக்கியபோது. அந்தச் செய்தி கேட்ட அன்று எனக்கு என்ன தோன்றியது என்பதை இங்கே எழுத விரும்பவில்லை. அப்பா மட்டும் ஒரு வெள்ளைத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மதகு வரை போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். அதற்கு மேல் போக அவருக்குத் தைரியம் வரவில்லை.

2006இல் நாங்கள் மட்டக்களப்புக்கு இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, பிறகு மீளக்குடியமர்ந்தோம். சில வருடங்களின் பின் வாய்க்கால் திருத்த வேலைக்காக மூன்று ஊர் மாதர் சங்கங்களையும் ஒன்றாகக் கூப்பிட்டார்கள். அங்கே அவரைக் கண்டேன். நரைத்த தலை, இடது கால் கொஞ்சம் இழுப்பு. 2007இலிருந்து திணைக்களத்தில் வேலை. முதலில் பாடசாலை வாசலில் காவல். இப்போது யானை வேலியைப் பார்க்கிறாராம்.

நான் அக்கா என்றேன். அவர் நங்கி என்றார். மூன்றாவது கூட்டத்தில்தான் கேட்டேன்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு தமிழும் சிங்களமுமாகச் சொன்னார். அந்த இரவு அவர் வீட்டில் சாப்பிடவில்லையாம். "நான் கொடுத்தேன். கொடுக்காட்டி என்னையும் சேர்த்துக் கொண்டுபோயிருப்பாங்க" என்று சொன்னாராம். இன்னொன்றும் சொன்னார். காவலரணில் ஒரு கொப்பி இருந்தது. போகிற வருகிற வாகனம், மறித்த ஆள், வந்த ஜீப், எல்லாம் எழுதவேண்டும். கிழமைக்கு ஒருதரம் கொப்பியை மேலே கொண்டுபோய்க் காட்டவேண்டும். "அன்றைக்கும் எழுதினார். எழுதினது எனக்குத் தெரியும். எழுத்து வராது என்று மகனைத்தான் எழுதச் சொல்லுவார்."

அப்படியென்றால் என் கணவரின் பெயர் ஒரு கொப்பியில் இருந்திருக்கிறது. ஒரு பத்து வயதுப் பையனின் கையெழுத்தில்.

இவ்வளவு காலமும் நான் ஆளைக் கேட்டேன், கொப்பியைக் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று ஒருவரும் சொல்லவும் இல்லை.

கதை இதோடு முடிந்திருந்தால் எழுதுவது இலகுவாக இருந்திருக்கும். என் தங்கை விசுவமடுவில் வாழ்க்கைப்பட்டவள். அவளின் மூத்த மகளை யுத்தத்தின் கடைசி மாதங்களில் இயக்கம் பிடித்துக்கொண்டு போனது. சரணடைந்து, புனர்வாழ்வு முடித்து வந்தவளுக்கு ஒருவரும் வேலை கொடுக்கவில்லை. வேலை கொடுத்தது யார் தெரியுமா? அதே சிவில் பாதுகாப்புத் திணைக்களம்தான். விசுவமடுப் பண்ணையில். யுத்தத்துக்குப் பிறகு கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் மூவாயிரத்துக்கும் அதிகமான தமிழர்களை அவர்கள் பண்ணைகளுக்கும் முன்பள்ளிகளுக்கும் எடுத்தார்கள். மாகாணத்தின் கீழ் படிப்பித்த முன்பள்ளி ஆசிரியைக்கு மாதம் சில ஆயிரம் ரூபாய் கிடைத்த காலத்தில், திணைக்களத்தின் கீழ் படிப்பித்தவருக்கு அதைப்போல் பல மடங்கு. யார் போகமாட்டார்கள்?

2018 யூனில் அந்தப் பண்ணைக்குப் பொறுப்பாக இருந்த இராணுவ அதிகாரி மாற்றலாகிப் போனபோது, முன்னாள் போராளிகளும் பெண்களும் மாலை போட்டு, தோளில் தூக்கி, அழுது வழியனுப்பினார்கள். படம் பத்திரிகைகளில் வந்தது. வெளிநாடுகளில் இருந்தெல்லாம் திட்டினார்கள். என் பெறாமகளும் அந்தக் கூட்டத்தில் நின்றாள்.

"பெரியம்மா, நீங்க என்னோட கோவமா?" என்று ரெலிபோனில் கேட்டாள். "பெரியப்பாவைப் பிடிச்சுக் குடுத்த ஆக்கள்ற சம்பளத்தைத்தான் நான் எடுக்கிறன் எண்டு எனக்குத் தெரியும். ஆனா அந்த ஐயா எங்கள மனுசராப் பாத்தவர். முதல்ல பாத்தது அவர்தான்."

கோபமில்லை என்றேன். உண்மையாகவே இல்லை. சம்பளப் பட்டியலைக் காட்டி வங்கியில் கடன் எடுத்து வீட்டுக்குக் கூரை போட்டிருக்கிறாள். கடன் முடியும் வரை வேலையை விட ஏலாது. கூட்டம் என்றால் போகவேண்டும், ஊர்வலம் என்றால் நிற்கவேண்டும், எங்கே போனாய் என்றால் சொல்லவேண்டும். காணாமல் போன தன் மச்சானுக்காகத் தெருவில் இருக்கும் தாய்மாரோடு போய் ஒருநாள் இருக்க அவளுக்கு விருப்பம். இருந்தால் அடுத்த நாள் கூப்பிட்டு விசாரிப்பார்கள் என்று பயம். முன்பள்ளியைக் கல்வித் திணைக்களத்துக்கும் பண்ணையை விவசாயத் திணைக்களத்துக்கும் கொடுத்து, அதே சம்பளத்தை அங்கே கொடுத்தால் இந்தப் பிள்ளைகள் ஏன் பாதுகாப்புப் படையின் பெயரைச் சுமக்கவேண்டும்? இதைக் கேட்டால் அவர்களின் சோற்றில் மண் போடுகிறோம் என்பார்கள். சம்பளத்தைக் குறைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை.

அந்தப் பழைய 'ஏனையோர்' படிவத்தை நான் அப்படியே விடவில்லை. போன வருடம் புதிதாக ஒரு கூற்று எழுதிக் கொடுத்தேன். சட்டத்தரணித் தங்கை சொல்லச் சொல்ல நானே என் கையால் எழுதினேன். 'அரசாங்கத்தின் ஊர்காவல் படையினர் இருவர். இடம் மதகடிக் காவலரண். அங்கே பதிவுக் கொப்பி ஒன்று பேணப்பட்டது. அது வாராவாரம் மேலதிகாரிக்குக் காட்டப்பட்டது. அந்தக் கொப்பியைத் தேடித் தருமாறு கேட்கிறேன்.' பிரதிக்கு முத்திரை குத்தி, திகதி போட்டுத் திருப்பி வாங்கினேன். இதேபோல எழுத விரும்பும் சகோதரிகள் அந்த முத்திரையை வாங்காமல் திரும்பவேண்டாம்.

கொப்பி பற்றித் தெரிந்த ஒரே சாட்சி யானை வேலியில் நிற்கிறார். வந்து சொல்வீர்களா என்று கேட்டேன். மகனைக் கேட்கவேண்டும் என்றார். அடுத்த முறை கண்டபோது, "வேலையால நிண்ட பிறகு வாறன் நங்கி. இப்ப சொன்னா கேள்வி வரும்" என்றார்.

அவருக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. எனக்கு ஐம்பத்தைந்து வயது. போன சித்திரைக்குக் கொண்டைப் பலகாரம் ஒரு பெட்டி அனுப்பியிருந்தார். நான் மோதகம் அவித்து அனுப்பினேன்.